மற்றவை மாறாதிருக்குமாயின்

எங்கள் பக்கத்து வீட்டு மிஸிஸ் ஹார்ப்பர் கிறிஸ்மஸ் வாழ்த்து அட்டைகளை ஜனவரி மாதத்தில் வாங்குகிறார். போன கிறிஸ்மஸுக்கு விற்காமல் கிடந்தவை பாதி விலைக்கு வருமாம். வாங்கிவந்த கையோடு உறைகளில் விலாசமும் எழுதி அலுமாரியின் மேல்தட்டில் அடுக்கிவிடுவார். முத்திரை ஒட்டுவது மட்டும்தான் டிசம்பருக்கு மிச்சம். "இடையில் யாராவது இறந்துபோனால்?" என்று கேட்டுவிட்டேன். எங்களூரில் யாரிடமாவது இப்படிக் கேட்டிருந்தால் வாயிலேயே போட்டிருப்பார்கள். அவர் கொஞ்சமும் கோபிக்காமல், "அந்த அட்டையை உங்களுக்குத் தருவேன்" என்றார். அது பகிடியா வாக்குறுதியா என்று அப்போது விளங்கவில்லை. டிசம்பரில் எனக்கு ஓர் அட்டை வந்தது. உறையில் என் பெயர் ஒரு வெள்ளை ஒட்டுத்தாளின் மேல் எழுதப்பட்டிருந்தது. அதை உரித்துக் கீழே இருக்கும் பெயரைப் பார்க்கும் துணிவு எனக்கு இன்னும் வரவில்லை.

இனி வரப்போகும் நாட்கள் தங்கள் அலுமாரிக்குள் இருக்கின்றன என்ற இந்த நாட்டாரின் நம்பிக்கைதான் எனக்குச் சோறு போடுகிறது. வட இங்கிலாந்தின் ஒரு பல்கலைக்கழகத்தில், தொழில்நுட்பத்தின் எதிர்காலத்தை ஆராயும் சிறிய பிரிவொன்றில் வேலை செய்கிறேன். ஏழை நாடுகளுக்கு எந்த இயந்திரம் எப்போது வந்து சேரும், வந்து சேரும்போது காடும் கடலும் தண்ணீரும் மிச்சமிருக்க வேண்டுமானால் அரசாங்கங்கள் இன்றைக்கே என்ன கொள்கை வகுக்க வேண்டும் என்பதெல்லாம் எங்கள் விசாரணை. வழிமுறை எளிமையானது. நிபுணர்களைத் தெரிவுசெய்து கேள்விகளை அனுப்புவோம். ஒவ்வொருவரும் தனியாக இருந்து பதில் எழுத வேண்டும், ஒருவரோடொருவர் கதைக்கக் கூடாது. பிறகு எல்லாருடைய பதில்களையும் எல்லாருக்கும் காட்டுவோம். ஓரத்தில் நிற்பவர்கள் வெட்கப்பட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக நடுவுக்கு வருவார்கள். மூன்றாம் சுற்றில் நடுவில் நிற்பதற்கு எதிர்காலம் என்று பெயர். இந்த விபரம் கடல் தாண்டிக் கல்முனைக்குடிக்குப் போனபோது 'லண்டனில் எதிர்காலம் பார்க்கிற வேலை' என்று ஆகிவிட்டது. குறி சொல்வது நமக்கு ஹராம் என்பதால் என் தங்கச்சி ஹாஜறா மட்டும் யார் கேட்டாலும், "காக்காக்கு கவர்மென்ட் வேல" என்று சொல்லிச் சமாளித்து வந்தாள். காக்கா என்றால் எங்களூரில் அண்ணன்.

வினை நானே தேடிக்கொண்டது. எண்பத்திரண்டில், சிறிய கடற்கரைப் பட்டினங்களில் மீனைக் குளிர்நிலையில் வைத்து விற்பதற்கான வாய்ப்புகள் பற்றி ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதினேன். உதாரணம் ஒன்று தேவைப்பட்டது. உலகத்தில் எனக்கு நன்றாகத் தெரிந்த கடற்கரைப் பட்டினம் ஒன்றே ஒன்றுதான். கல்முனையில் காலையில் கரைவலையில் வரும் மீன் உச்சி வெயிலுக்குள் கைமாற வேண்டும், இல்லாவிட்டால் உப்புக்குப் போக வேண்டும். ஐஸ் வெளியூரிலிருந்து லொறியில், மரத்தூளுக்குள் புதைந்து வரும். வழியெல்லாம் சொட்டிக்கொண்டே வந்து, பாதி ஐஸும் மீதி தண்ணீருமாக இறங்கும். ஆகவே இந்தப் பட்டினத்தில் ஓர் ஐஸ் தொழிற்சாலை பத்து வருடங்களுக்குள் சொந்தக் காலில் நிற்கும், மற்றவை மாறாதிருக்குமாயின், என்று எழுதினேன். அச்சில் பார்த்த சந்தோஷப் புளுகத்தில் ஒரு பிரதியை ஊருக்கும் அனுப்பிவைத்தேன். ஹாஜறாவின் கணவர், என் மச்சான் ஜுனைதீன், கல்முனைக்குடியில் மீன் மொத்த வியாபாரி. ஆங்கிலம் வாசிக்க மாட்டார். அதற்காக அவர் அந்தக் கட்டுரையைச் சும்மா வைத்துவிடவில்லை. கடைக்கு ஓர் ஆங்கில ஆசிரியரை அழைத்து, தேத்தண்ணி கொடுத்து, சத்தமாக வாசிப்பித்திருக்கிறார்.

இரண்டு வருடங்கள் கழித்து, போன சித்திரையில், தபாலில் ஒரு கசெட் வந்தது. நாங்கள் கடிதத்துக்குப் பதிலாகக் குரல்களை அனுப்பிக்கொள்பவர்கள். போட்டுக் கேட்டோம். மச்சானின் குரல்.

"மச்சான், அஸ்ஸலாமு அலைக்கும். ஒங்கட ரிப்போட்ட மாஸ்டர் ரெண்டாந்தரமும் வாசிச்சுக் காட்டினாரு. பத்து வருசத்துக்குள்ள இஞ்ச ஐஸ் பெக்டரி நிண்டு புடிக்கும் எண்டு அச்சில போட்டிருக்கீங்க. ரெண்டு வருசம் போயிட்டு. இன்னும் நான் ஐஸ் லொறிய எதிர்பாத்துக்கிட்டு ரோட்டுல நிக்கிறன். இனிப் பொறுக்கேலா. மக ரிஹானாட ஊட்டுக்குப் போட்ட கல்லும் மரமும் வளவுக்குள்ள சும்மாதானே கெடக்கு—"

"சும்மாவா கெடக்கு?" இது ஹாஜறாவின் குரல். ஒலிவாங்கியில் இருந்து தூரத்தில், அடுப்படியில் நின்று கேட்கிறாள் போலும். "புள்ள பொறந்த அண்டைக்குத் தொடங்கிச் சேத்த கல்லு. அதையும் காக்காட்டச் சொல்லுங்க."

"சொல்லத்தானே போறன், பொறு புள்ள. அந்தக் கல்லுலயே பெக்டரியக் கட்டப் போறன். மச்சான், மாஸ்டர் ஒரு எடத்துல நிண்டு யோசிச்சாரு. மத்ததெல்லாம் மாறாம இருந்தா எண்டு போட்டிரிக்காம். நான் சொன்னன், மாஸ்டர், அது வெள்ளக்காரன்ட இன்ஷா அல்லாஹ். நம்மளும் அதச் சொல்லாம விடுறோமா? மேல வாசிங்க எண்டு."

என் மனைவி நஸீமா சிரித்தாள். நான் கசெட்டை நிறுத்திவிட்டேன். மச்சானைக் குற்றம் சொல்ல முடியாது. எங்களூரில் லொறியில் மீன் ஏற்றி, கயிறு இறுக்கி, டிரைவர் ஏறி உட்கார்ந்த பிறகுதான், "நாளைக்கு விடிய இன்ஷா அல்லாஹ் கொழும்பு" என்பார்கள். அந்தச் சொல் தீர்மானத்துக்குப் பிறகு வரும் அடக்கம். அதற்காக ஒருவரும் லொறியிலிருந்து மீனை இறக்குவதில்லை. ஆனால் என்னுடைய கட்டுரையில் மீனும் கயிறும் லொறியும் எல்லாமே 'மற்றவை மாறாதிருக்குமாயின்' என்ற அந்த ஒரு வசனம்தான். மின்சாரம் இருக்கும், கொழும்பு வீதி திறந்திருக்கும், அயலில் உள்ள தமிழ் ஊர்களின் தோணிகள் வழக்கம்போல நம் கரையில் மீன் இறக்கும், நம் வியாபாரிகள் வழக்கம்போல அவர்கள் சந்தைக்குப் போவார்கள், அயலவர் அயலவராகவே இருப்பார்கள். இவற்றையெல்லாம் தனித்தனியே எழுதினால் கட்டுரை நீண்டுவிடும் என்று 'மற்றவை' என்ற ஒரே சொல்லுக்குள் போட்டுக் கட்டியிருந்தேன். எழுதியது எண்பத்திரண்டில். மறு வருடம் ஆடியில், இனக் கலவரத்தில், நாடு எரிந்தது. அதற்குப் பிறகு வானொலியில் இலங்கை என்ற பெயர் கேட்டாலே நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிடுகிறேன்.

ரிஹானாவின் கல் என்றால் என்ன என்பதை எங்கள் கரையைச் சேராதவர்களுக்குச் சொல்ல வேண்டும். எங்களூரில் வீடு பெண்ணுக்கு. மகள் பிறந்தால் தகப்பன் கல் சேர்க்கத் தொடங்குவான். நல்ல விளைச்சலுக்கு ஒரு லொறிக் கல், நல்ல மீன்பாட்டுக்கு நாலு மரம் என்று வளவின் மூலையில் ஏறிக்கொண்டே போகும். எங்கள் ஆய்வுப் பிரிவில் இருபது வருடத் திட்டமிடல் என்றால் பெரிய மனிதர்கள் கண்ணாடியைத் துடைத்துக்கொள்கிறார்கள். எங்கள் கரையில் பெண் பெற்ற ஒவ்வொருவனும் அதைச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு செய்கிறான். ஆணுக்கு வீடு கிடையாது. அவன் பெண்சாதியின் வீட்டுக்குப் போக வேண்டியவன். என்னுடைய முதலாவது புலம்பெயர்வு கல்முனைக்குடியிலிருந்து மருதமுனைக்கு, சைக்கிளில் நடந்தது. அங்கே நஸீமாவின் வீட்டில், தறிச் சத்தத்துக்கு நடுவே, முதல் மாதம் முழுவதும் நான் விருந்தாளி போலக் கதிரையின் நுனியில் உட்கார்ந்திருந்தேன். இங்கே வந்தபோது அந்த நுனி எனக்குப் பழகியிருந்தது.

அலுவலகத்தில் என் மேலதிகாரி பீற்றரிடம் விஷயத்தைச் சொன்னேன். நல்ல மனிதர். என்ன பதில் அனுப்பலாம் என்று கேட்கத்தான் போனேன். அவர் எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "எங்கள் ஆய்வைப் படித்து ஒருவர் முதலிடுகிறாரா? இத்தனை வருடத்தில் இதுதான் முதல் தடவை!" ஆண்டறிக்கையில் ஒரு பந்தி சேர்க்க வேண்டும் என்றார். அது ஒரு பெண்ணின் வீடு என்றேன். "அவருக்கு இப்போது என்ன வயது?" பதினான்கு என்றேன். பதினான்கு வயதில் அவருக்கு எதற்கு வீடு என்று உண்மையான அக்கறையோடு கேட்டார். எங்கள் ஊரில் மின்சாரமும் வீதியும் அயலவரும் இனி எப்படியிருப்பார்கள், உங்கள் கணிப்பு என்ன என்றேன். ஜன்னலைப் பார்த்தார். "அது நம் துறைக்கு வெளியே" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மச்சானின் கடைக்குத் தொலைபேசி எடுத்தேன். ஹாஜறாவும் வந்திருந்தாள். எனக்குத் தெரியாது மச்சான், உண்மையாகவே தெரியாது என்றேன். இங்கே இருப்பவர்களுக்கும் தெரியாது என்றேன். கம்பிக்கு அந்தப் பக்கம் மச்சான் சந்தோசமாகச் சிரித்தார்.

"ஓம் மச்சான், அல்லாஹ்வுக்குத்தானே தெரியும். படிச்சவங்க இப்பிடித்தான் பணிவாக் கதைப்பாங்க எண்டு மாஸ்டரும் சொன்னாரு."

அதற்கிடையில் ஹாஜறா அவர் கையிலிருந்து வாங்கிவிட்டாள். "காக்கா, எனக்கு ஐஸும் தெரியா, ரிப்போட்டும் தெரியா. ஒண்டுதான் கேக்கிறன். வாப்பா ஒங்களுக்கு விட்ட காணித் துண்டு இஞ்ச வெறுமனே கெடக்கு. மர்யத்துக்கு ஊடு கட்ட அதுல லொறியில கல்லுக் கொண்டந்து பறிக்கச் சொல்லுவீங்களா? அத மட்டும் சொல்லுங்க."

மர்யம் என் மகள். ஆறு வயது. இங்கே பிறந்தவள். நான் நிபுணர்களுக்கு அனுப்பிய எந்தக் கேள்வியும் இவ்வளவு கிட்ட வந்து நின்றதில்லை. "இப்ப இல்ல" என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். 'இப்ப' எனக்குள்ளேயே நின்றுவிட்டது.

"இல்ல."

 "விளங்கிட்டு" என்றாள். மச்சானும் பக்கத்தில் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றிருக்க வேண்டும். "அப்ப ஐஸ் வேணாம் மச்சான்" என்று அவர் குரல் கேட்டது. நாற்பது பக்கக் கட்டுரையில் காதில் ஏறாத எச்சரிக்கை, ஒரே சொல்லில் முழுதாக ஏறிவிட்டது. என் ஆய்வுக்கு உலகத்தில் கிடைத்த ஒரே வாசகரை நானே கலைத்துவிட்டேன். ரிஹானாவின் கல் தப்பியதே என்று நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால் ஹாஜறா சலாம் சொல்லாமல் வைத்துவிட்டாள்.

"அவ ஐஸப் பத்தியா கேட்டா?" என்றாள் நஸீமா, நான் விபரம் சொன்னபோது. "நீங்க திரும்பி வருவீங்களா எண்டுதானே கேட்டா. தங்கச்சிக்கிட்ட இப்பிடியா செல்ற?"

மூன்று மாதம் ஊரிலிருந்து கசெட் வரவில்லை. வேலைக்குப் போகும் பஸ்ஸிலும் அந்த 'இல்ல' என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. கடைசியில் ஒரு லொறிக் கல்லுக்குக் காசு அனுப்பி, மர்யத்துக்கு என்று என் துண்டில் பறிக்கச் சொன்னேன். எதிர்காலத்தைப் பற்றி எனக்குப் புதிதாக ஒன்றும் தெரியவந்துவிடவில்லை. தங்கச்சியின் மனம் ஆறட்டும் என்பதற்கு மேல் அதில் ஒரு கணிப்பும் கிடையாது.

அதற்குப் பதிலாக வந்த கசெட்டில் மச்சான் கூவினார்.

"மச்சான், கல்லு வந்திட்டு! லொறி ஒழுங்கைக்குள்ள திரும்புறதுக்குள்ள ஊரே கூடிட்டு. எதிர்காலம் பாக்கிறவரே கல்லுப் பறிச்சிட்டாரு, அப்ப ஊரு நல்லாத்தான் இரிக்கப் போகுது எண்டு, பக்கத்து ஊட்டுக் காசீம் காக்கா அடுத்தநாளே மதில் கட்டத் தொடங்கிட்டாரு. நானும் மெசினுக்கு ஓடர் குடுத்திட்டன். ரிஹானாட கல்லுல பெக்டரிச் சொவரு எழும்புது. ஒங்கட தங்கச்சியும் இப்ப ஒண்டும் செல்றல்ல."

"நான் என்ன செல்ற காக்கா?" ஹாஜறாவின் குரல் இம்முறை கிட்டத்தில் கேட்டது. கோபமே இல்லை.  "நீங்க தெரியாமலா பறிச்சிருப்பீங்க?"

உடனே தொலைபேசி எடுத்தேன். மச்சானிடம் ஓடரைத் திருப்பச் சொன்னேன். முற்பணம் கட்டியாயிற்று, சுவரும் நெஞ்சளவு வந்தாயிற்று என்றார். ஹாஜறாவைக் கூப்பிட்டேன். அந்தக் கல்லை எடுத்து ரிஹானாவின் பெயரில் வை, மர்யத்துக்கு இப்போதைக்கு ஒன்றும் வேண்டாம் என்றேன். இதையாவது செய்தால் என் நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்கும் என்று நினைத்தேன்.

"என்ன கத கதைக்கிறீங்க காக்கா?" அவள் குரல் தாழ்ந்தது. கடையில் ஆட்கள் நின்றிருக்க வேண்டும். "அந்தக் கல்லுல ஒண்டு அசைஞ்சாலும் நீங்க வரமாட்டீங்க எண்டுதான் ஊரு நெனைக்கும். அதப் பாத்துத்தானே இவரு மெசின எடுக்கிறாரு. காசீம் காக்காட மதிலும் அரையில நிக்கிது. அது கெடக்கட்டும். நீங்க வராட்டியும் அது அங்கயே கெடக்கட்டும்."

எண்பத்து நாலு முடிந்துகொண்டிருக்கிறது. அங்கே மாரி தொடங்கிவிட்டது. இயந்திரம் துறைமுகத்துக்கு வந்துவிட்டதாகச் செய்தி. வீதி திறந்திருக்கிறதா என்று ஒவ்வொரு நாளும் வானொலியைத் திருகுகிறேன். எங்கள் பிரிவின் அடுத்த கேள்விகளில், 'அயலவர் அயலவராகவே இருப்பார்களா' என்று ஒன்று சேர்க்கப் பார்த்தேன். துறைக்கு வெளியே என்று பீற்றர் மரியாதையாக வெட்டிவிட்டார்.

போன வாரம் ஹாஜறா ஒரு படம் அனுப்பியிருந்தாள். என் துண்டு நிலம். நடுவில் செங்கல் அடுக்கு, மேலே தென்னங்கிடுகு, கிடுகின் மேல் காற்றுக்குப் பாரமாக நாலு கல். பின்னால் ஒரு கீற்றுக் கடல். மர்யம் அதை எடுத்துப் பார்த்தாள். இது உன்னுடைய வீடு என்று நஸீமா அவளிடம் சொன்னாள். பிள்ளை படத்தை மூக்குக்குக் கிட்டப் பிடித்து, கவனமாகப் பார்த்து, என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டாள்:

"எந்தப் பக்கத்தால் உள்ளே போவது?"

நானும் வாங்கிப் பார்த்தேன். வீதிப் பக்கமும் கல். கடற்பக்கமும் கல்.