ஒரு வாரம் தள்ளிப் படித்த மடல்

என் தமையனை ஏற்றிச் செல்ல வந்த படைச் சரக்குந்தின் முன்சக்கரத்தின்கீழ் என் அம்மா ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்தார். எழுபதுகளின் கடைப்பகுதி அது. நாங்கள் பூன் லேயில் ஓர் அடுக்குமாடி வீட்டில் குடியிருந்தோம். தேசிய சேவைக்கு அழைக்கப்பட்ட இளைஞர்களும் அவர்களைப் பெற்றவர்களும் சமூக மன்றத்தின் முன்னே காலையிலேயே கூடிவிட்டனர். வண்டியோட்ட வந்த சீன வீரர் சக்கரத்தடியில் உருண்டையாக ஏதோ கிடப்பதைக் கண்டு பதறி இறங்கினார். அப்பா விரைந்து முன்சென்று, தமக்குத் தெரிந்த ஆங்கிலம் அனைத்தையும் திரட்டினார்.

“நோ பாம், நோ பாம். லைம் ஒன்லி லா!”

கூட்டம் சிரித்தது, வீரரும் சிரித்தார், வண்டி பழத்தை நசுக்கிக்கொண்டு புறப்பட்டது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. சப்பானியர் ஆட்சிக்காலத்தில், அவருக்கு எட்டு அகவையாக இருந்தபோது, அவருடைய அண்ணனும் இப்படித்தான் ஒரு சரக்குந்தில் ஏறினார். சயாமுக்கு இருப்புப்பாதை போட அழைத்துச் செல்லப்பட்ட அந்த மாமா திரும்பி வரவேயில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்துவிட்டபோதும், சரக்குந்தில் ஏறும் இளைஞன் என்னும் காட்சிக்கு அம்மாவின் மனத்தில் ஒரே பொருள்தான் இருந்தது.

இவை யாவும் எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் இரக்கம் வரவில்லை, பொறாமைதான் வந்தது. எனக்கு அப்போது பதினோர் அகவை.

பொறாமைக்குக் காரணங்கள் இல்லாமல் இல்லை. அழைப்பாணை வந்த நாள்முதல் எங்கள் வீட்டில் ஓர் ஆள்தான் இருந்தான், அவன் அண்ணன். ஞாயிறுதோறும் தேக்கா சந்தைக்குச் செல்லும் அப்பா, ஆட்டிறைச்சிக் கடைக்காரரிடமும் பூக்கடைக்காரரிடமும், “நம்ம பையன் பட்டாளத்துல சேரப் போறான்” என்று அறிவித்து வந்தார். பதினெட்டு அகவை நிரம்பிய எந்த இளைஞனும் சேர்ந்தே ஆகவேண்டும் என்பதை அவர் மறந்துவிட்டார். ஆயிரம் பேரில் தம் மகனை மட்டும் தேடித் தேர்ந்தெடுத்தார்கள் என்பதுபோல் இருந்தது அவர் பேச்சு. தம் இரு மகன்களும் அச்சேவையை முடித்து வந்துவிட்ட இறைச்சிக் கடைக்காரர், கத்தியைத் தீட்டியவாறு பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

அண்ணன் போன பிறகு நிலைமை இன்னும் மோசமாயிற்று. அம்மா மின்விசிறியைப் போட விடவில்லை. “அங்க புள்ளைக்கு ஃபேன் இருக்குதோ இல்லையோ” என்பார். ஒருவன் பாசறையில் வியர்ப்பதற்காக மூவர் வீட்டில் வியர்க்கவேண்டும் என்னும் நீதியை என்னால் ஏற்க இயலவில்லை.

ஒரே ஓர் ஆறுதல் எனக்கு உண்டு. எங்கள் வீட்டுக்கு வரும் ஆங்கில மடல்களைப் படித்துப் பொருள் சொல்வது அதுவரை அண்ணனின் பணியாக இருந்தது. அம்மா பள்ளிக்குப் போனதில்லை. அப்பா ரப்பர்த் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் நான்காம் வகுப்போடு நின்றவர். அண்ணன் சென்றதும் அப்பதவி என்னிடம் வந்தது. மின்கட்டண மடலானாலும் வீடமைப்புக் கழகத்தின் அறிவிப்பானாலும், அம்மா கையைத் துடைத்துக்கொண்டு என் எதிரில் வந்து அமர்வார். அந்தச் சில நிமிடங்கள் அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அண்ணன் சென்று இரண்டு வாரங்களுக்குப்பின் ஒரு திங்கட்கிழமையன்று, பாசறையிலிருந்து ஒரு மடல் வந்தது. அப்பா அப்போது கப்பல் பட்டறையில் வேலையில் இருந்தார். பெற்றோர் வந்து தம் மக்களைப் பார்க்கலாம் என்றும், பயிற்சியைக் காட்டுவார்கள் என்றும், விருந்து உண்டு என்றும் அதில் எழுதியிருந்தது. நாள், வரும் சனிக்கிழமை.

அதே சனிக்கிழமையன்றுதான் என் பள்ளியில் பரிசளிப்பு விழா. தமிழ்ப் பாடத்தில் முதலாவதாக வந்தமைக்காக நான் மேடையேறவிருந்தேன். வருவதாக அம்மா சொல்லியிருந்தார். ஆனால் இம்மடலை உள்ளபடி படித்தால் அவர் எங்கே செல்வார் என்பதில் எனக்கு ஐயமேயில்லை.

“என்ன எழுதியிருக்கான்? நல்லா இருக்கானாமா?”

“அண்ணன் எழுதலம்மா. கேம்ப்ல இருந்து எழுதியிருக்காங்க. அண்ணனப் போய்ப் பாக்கலாமாம்.”

“எப்ப?”

“இந்தச் சனிக்கிழமை இல்ல. அதுக்கு அடுத்த சனிக்கிழமை.”

அம்மா விரல்விட்டு எண்ணினார். “இன்னும் பன்னண்டு நாளா? நல்லாப் பாரு பாப்பா. ஒரு தடவ கண்ணால பாத்துட்டேன்னா போதும், அப்புறம் நிம்மதியாத் தூங்குவேன்.”

“நல்லாத்தாம்மா பாத்தேன். தெளிவாப் போட்டிருக்கு.”

அவர் அம்மடலை நான்காக மடித்து முருகன் படத்தின் பின்னே செருகினார். பிறகு, “அப்ப இந்தச் சனிக்கிழமை உன் ஸ்கூலுக்கு வந்துடறேன்” என்றார். வெற்றி அவ்வளவு எளிதாகக் கிட்டும் என்று நான் எண்ணியிருக்கவில்லை. அன்று மாலை அம்மா சொன்ன நாளை நம்பி, அப்பா தம் மேற்பார்வையாளரிடம் கெஞ்சி, அடுத்த வாரத்துக்கு விடுப்புப் பெற்றார்.

சனிக்கிழமை காலை அப்பா வழக்கம்போல் வேலைக்குச் சென்றார். அம்மா பட்டுச்சேலை உடுத்தி, எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டுச் சீனத்து அம்மையார் எங்கள் கதவுக் கம்பியைத் தட்டினார். அம்மா அவரைத் ‘தாச்சி’ என்று அழைப்பார். அவர் மகனும் என் அண்ணனும் ஒரே நாளில் ஒரே வண்டியில் சென்றவர்கள். தாச்சி பூப்போட்ட புதுச்சட்டை அணிந்து, கையில் ஆரஞ்சுப் பழப் பையோடு நின்றார். அவருடைய கணவர் மின்தூக்கியைப் பிடித்து வைத்திருந்தார்; கீழே அவர்களுடைய வண்டி நின்றது. அம்மாவுக்குச் சீனம் தெரியாது, தாச்சிக்குத் தமிழ் தெரியாது. இருவருக்கும் பொது, சந்தை மலாய்தான்.

“மாரிலா, சாமா சாமா பெர்கி!” வா, சேர்ந்தே போவோம் என்றார் தாச்சி.

இன்றைக்கில்லையே, அடுத்த வாரந்தானே என்றார் அம்மா. இன்றைக்குத்தான் என்று தாச்சி அடித்துச் சொன்னார். தம் மூத்த மகள் மடலைப் படித்ததாகவும் சொன்னார். அம்மாவின் கை என் பின்னலில் நின்றுபோயிற்று.

“பாப்பா, இன்னிக்குத்தான்னு சொல்றாங்களே?”

உண்மையைச் சொல்ல எனக்குக் கிடைத்த இடம் அது. தாச்சியின் வண்டியில் இடம் இருந்தது, நேரமும் இருந்தது. நான் சொன்னேன்: “அவங்க பையன் வேற பிரிவும்மா. நம்மளுக்கு அடுத்த வாரந்தான்.”

அம்மா தாச்சியின் பக்கம் திரும்பினார். “அனாக் சயா பாண்டாய் பாச்சா” என்றார். என் பிள்ளை படிப்பதில் கெட்டிக்காரி என்பது அதன் பொருள். அதைச் சொன்னபோது அவர் குரலில் இருந்த பெருமிதத்தை, அண்ணனுக்குமட்டும் உரியதென்று நான் கருதியிருந்த அப்பெருமிதத்தை, கதவு எப்போது சாத்தப்படும் என்னும் கவலையில் நான் கேட்காமல் விட்டேன்.

விழாவில் என் பெயரை அழைத்தார்கள். மேடையிலிருந்து பார்த்தேன், அம்மா எல்லாரும் கைதட்டி முடித்த பிறகும் தனியாகத் தட்டிக்கொண்டிருந்தார். வீடு திரும்பும் பேருந்தில், எனக்குப் பரிசாகக் கிடைத்த அகராதியை மடிமேல் வைத்துக்கொண்டு, சன்னலுக்கு வெளியே பார்த்தவாறு கேட்டார்: “தாச்சி பையன் வேற பிரிவுதானே?”

“வேறதாம்மா.”

மாலை ஐந்து மணியளவில் அண்ணன் வாசலில் வந்து நின்றான். தலை மழுங்கச் சிரைக்கப்பட்டு, முகம் கறுத்து, தோளில் பச்சைநிறப் பையுடன் நின்ற அவனை முதலில் எவருக்கும் அடையாளம் தெரியவில்லை. வேலை முடிந்து வந்திருந்த அப்பாதான் முதலில் வாய்திறந்தார்.

“டேய், ஓடி வந்துட்டியா?”

“ஓடல்லாம் வரலப்பா. நாளைக்கு ராத்திரி வரைக்கும் லீவு. இன்னிக்குத்தானே பேரண்ட்ஸ் வர்ற நாளு? எல்லார் வீட்டுலயும் வந்தாங்க. நீங்கதான் வரல.”

அம்மா அவன் கன்னத்தையும் தோளையும் தடவிப் பார்த்தார். “யாரு கூடப்பா சாப்பிட்ட?”

“தாச்சி கூட உக்காந்தேன். அவங்கதான் தொப்பிய நேரா வெச்சுவிட்டாங்க. அவங்க பையன் பக்கத்துல என்னையும் நிக்க வெச்சு போட்டோ எடுத்தாங்க.”

அப்போது அம்மாவின் முகத்தில் தோன்றிய உணர்ச்சி எனக்கு மிகவும் பழக்கமானது. அதை இன்னொருவர் முகத்தில் அன்றுதான் முதன்முறையாகக் கண்டேன்.

“லெட்டர் வரலயாம்மா?” என்று கேட்ட அண்ணன், முருகன் படத்தின் பின்னிருந்த மடலைத் தானே எடுத்து விரித்தான். “இந்தச் சனிக்கிழமைன்னுதானே போட்டிருக்கு!” என்றவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

அப்பாவும் என் பக்கம் திரும்பினார். “யாரு படிச்சது இத?”

அம்மா மடலை அண்ணன் கையிலிருந்து வாங்கி மடித்தார்.

“அவ சரியாத்தான் படிச்சா. நான்தான் உங்ககிட்ட மாத்திச் சொல்லிட்டேன்.”

“அறிவிருக்கா உனக்கு? ஃபோர்மேன் கால்ல விழாத குறையா லீவு கேட்டு வெச்சிருக்கேன்! பெத்த புள்ளையப் பாக்கற நாளக்கூடவா ஒருத்தி மறப்பா?”

“மறந்துட்டேன்.”

“விடுங்கப்பா” என்றான் அண்ணன், என்மேல் வைத்த கண்ணை எடுக்காமல்.

அப்பா விடவில்லை. அம்மா சமையலறைக்குச் சென்ற பிறகும், அவருடைய மறதியைப் பற்றி, திருமணமான ஆண்டு தொட்டு வரிசைப்படுத்திப் பேசிக்கொண்டிருந்தார். காலையில் வாசலில் கேட்டதையும் பிற்பகலில் பேருந்தில் கேட்டதையும் மாலைக்குள் ஒருவர் எப்படி அடியோடு மறக்கக்கூடும் என்று எனக்கு வியப்பாக இருந்தது. அம்மாவுக்கு அகவை ஏறுகிறது, அதனால்தான் போலும் என்று முடிவுசெய்து, என் நற்பேற்றை எண்ணி மூச்சுவிட்டேன்.

அம்மா கீழே இறங்கிப் போய்க் கோழி வாங்கி வந்து குழம்பு வைத்தார். நால்வரும் அமர்ந்து உண்டோம். அவர் கோழியின் கால்கள் இரண்டையும் எடுத்து அண்ணன் தட்டிலேயே வைத்தார். என் தட்டில் விழுந்தது கழுத்துத் துண்டு. இந்த வீட்டில் என்னை யாருக்குமே பிடிக்கவில்லை என்பது எனக்கு ஐயமற விளங்கிவிட்டது. அதைத் தொடாமல் எழுந்து கை கழுவினேன்.