மாறுவேடத்தில் வந்த பெருநாள்

கடைத்தெரு ரஹீம் நானா வபாத்தான மரணச் செய்தியைப் பள்ளிவாசல் ஒலிபெருக்கி அறிவித்தபோது, நான் ஒரு கல்யாண வீடியோவை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன். மாத்தளையில் பகலில் மிளகும் கராம்பும் விற்று, மாலையில் கராத்தே வகுப்பு நடத்திய அந்த மனிதர்தான், நான் எடுத்த ஒரே திரைப்படத்தின் கதாநாயகர்.

கதையும் அவருடையதுதான். கடத்தல் கூட்டத்துக்குள் மாறுவேடத்தில் நுழைகிறார் ஒரு பொலிஸ்காரர். தகப்பன் கள்ளன் என்று நம்பி மகன் வெறுக்கிறான். கடைசியில் உண்மை தெரிந்து இருவரும் கட்டித் தழுவுகிறார்கள். அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: கட்டாரிலிருந்து லீவில் வரும் தம் மகன் பர்ஹான்தான் மகனாக நடிக்க வேண்டும். கடைசிக் காட்சிக்குச் சனம் சிரிக்கும் என்று பயமுறுத்திப் பார்த்தேன். "அடிதடி பாக்க வாறவன் அழுதிட்டுத்தான் போவான், தம்பி" என்றார்.

போன வருஷத் தொடக்கத்தில், பல்லேபொல மிளகுத் தோட்டத்தில் சண்டைக் காட்சி எடுத்தோம். அறுபதை நெருங்கிய மனிதர், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு உதை விட்டார். வில்லனாக நடித்த த்ரீவீல்காரர் மெய்யாகவே மிளகுக் கொடிக்குள் போய் விழுந்தார். அவரைத் தூக்கி உட்காரவைத்து, பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தவரும் நானாதான்.

அப்பேர்ப்பட்டவருக்கு மகனைக் கட்டிக்கொள்ளக் கை எழவில்லை. ஒவ்வொரு லீவும் முடியும்போது "போகாதே" என்று சொல்ல நினைப்பார், சொல்லமாட்டார். வாப்பாவுக்குத் தான் தேவையில்லை என்று பர்ஹான் நினைத்துக்கொள்வான். அந்த வீட்டில் இருவரும் கட்டிக்கொள்வது பெருநாள் தொழுகை முடிந்த கையோடு மட்டும்தான். அவன் வெளிநாடு போனதோடு அதுவும் நின்றுபோயிற்று.

கடைசிக் காட்சிக்குக் கமெராவை ஓடவிட்டேன். தயங்கித் தயங்கி நெருங்கினார்கள். பழகிய உடம்பு, பெருநாள் முறைப்படியே ஒரு தோள், மறு தோள் என்று தழுவியது. பொலிஸ்காரர் வசனத்தை மறந்து, "ஈத் முபாரக், மகன்" என்றார்.

திரும்ப எடுக்கலாம் என்றேன். நானா மகனை விடவில்லை.

"அழிக்க வாணாம் தம்பி. இவன் போன பொறகு எனக்குப் பெருநாளே இல்ல. இன்டைக்கித்தான் பெருநாள்."

பர்ஹான் அவர் தோளில் முகம் புதைத்து அழுதான். மாறுவேடம் போட்டது பொலிஸ்காரர் மட்டுமல்ல, இந்தப் படமும்தான் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. கெட்டிக்கார மனிதர்.

நகரில் மண்டபம் எடுத்துத் திரையிட்டோம். அந்தக் காட்சியில் சனம் சிரிக்கத்தான் செய்தது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தது. பிறகு தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் எழுந்து நின்று, திரையைப் பார்த்து "ஈத் முபாரக்" என்று ஆர்ப்பரித்தார்கள். முன்வரிசையில் நானா மாப்பிள்ளை மாதிரி வெட்கப்பட்டார். பர்ஹான் கட்டாருக்குத் திரும்பவில்லை. கடையில் வாப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

நேற்று ஜனாஸா நல்லடக்கம் முடிந்து, மையவாடி வாசலில் பர்ஹான் என்னைக் கட்டிக்கொண்டான். பிறகு சொன்னான்.

"எல்லாருக்கும் வருஷத்துக்கு ரெண்டு பெருநாள், அண்ணன். வாப்பாக்கு மட்டும் போன வருஷம் மூணு."

ஜெயித்துவிட்டுத்தான் போகிறீர்கள், நானா. போய் வாருங்கள்.