எட்டு நிமிடம் குறைந்த டிவிடி

சின்னா, வல்லக்கோட்டையில் கூட்டத்தோடு நின்று நீ நடித்த படத்தின் டிவிடி இன்று வந்தது.

ஆன்லைனில் முழுப்படம், இரண்டு மணி முப்பத்தைந்து நிமிடம் என்று போட்டிருந்தார்கள். ஓடியது இரண்டு மணி இருபத்தேழுதான். தேர் இழுக்கும் காட்சியே இல்லை. நீ போன பிறகு உன் முகம் அசைவதைப் பார்க்க எனக்கு அது ஒன்றுதான்.

பக்கத்து ரூம் மஞ்சு கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் பார்ப்பவள்.

"எட்டு நிமிசம் கம்மியா கீதுக்கா. எங்க லைன்ல இதுக்கு செவப்பு டேக்குதான், தள்ளிடுவோம்."

திருப்பி அனுப்ப, போனில் கடையின் பக்கம் காரணம் கேட்டது. உடைந்ததா, வேறு பொருளா, அளவு சரியில்லையா என்று மஞ்சு படித்துக் காட்டினாள்.

"தம்பியக் காணோம்னு ஒண்ணு போட்லியா?"

"இல்லக்கா."

அளவு சரியில்லை என்று அழுத்தச் சொன்னேன்.

இன்னொரு கடையிலும் முழுப்படம் என்றுதான் போட்டிருக்கிறது. இந்த விமர்சனத்தைப் படிப்பவர்களில் அங்கே வாங்கினவர்கள் தேர் வருகிறதா என்று சொல்லுங்கள்.

சின்னா, தேருக்கு எந்தப் பக்கம் நின்றாய்?