பிள்ளை பெற்ற வீட்டுக் குடம்

ஜவ்ஹாரைத் தாண்டி, மலைமேல் வார்லிப் பழங்குடியினரின் ஊர் ஒன்று. மும்பை செம்பூரில் என்னோடு சமையல் வேலை பார்க்கும் கமலின் பிறந்த வீடு இங்கேதான். அவள் தம்பி மனைவிக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. பார்க்க வந்த நான், அந்த வீட்டுக் குடத்தோடு ஊற்றுக்கு இறங்கியிருக்கிறேன்.

பாறைக் குழியில் தண்ணீர் மெல்லக் கசிகிறது. வெயில் ஏறினால் அதுவும் நின்றுவிடுமாம். எனக்கு முன்னால் ஏழெட்டுப் பெண்கள். குடத்தின் வாயை உள்ளங்கையால் மூடிக்கொண்டு உட்காருகிறேன். நான் குடியிருக்கும் தாராவியின் குழாயடியில் கையை எடுத்தால் குடம் வரிசையில் பின்னால் போய்விடும்.

முதலில் மொண்டவள் கிண்ணத்தோடு நேராக என்னிடம் வருகிறாள். குடத்தை இறுக்கிப் பிடிக்கிறேன்.

"தள்ளி வைக்காதே. பிள்ளை பெத்தவ வீட்டுக்குத் தண்ணி வேணும்," என்கிறேன் அரைகுறை இந்தியில்.

"தெரியும் மவுசி. அந்த வீட்டுக் குடம் நிறையாம நாங்க யாரும் எங்களுக்கு மொள்ள மாட்டோம்," என்று சிரிக்கிறாள். "கையால மூடிக்கிட்டா எங்கே ஊத்துறது?"

அவளுக்குப் பின்னால் இன்னொருத்தியும் நிறைந்த கிண்ணத்தோடு நிற்கிறாள். கையை எடுக்கிறேன்.