மாலத்தீவுப் படகும் பத்துபஸ்திக்கு வந்த சித்ராவும்

மாலத்தீவில் மீன் பிடிப்பவர்களில் பாதிப் பேர் என் வீட்டில் குடியிருப்பவன் செய்த படகில்தான் கடலுக்குப் போகிறார்கள். சரி, பாதி என்பது என் வாய்க்கொழுப்பு. ஏதோ ஒரு தீவில் சில பேர். ஆனால் அந்தப் படகுகளை நாகராஜ்தான் செய்தான் என்பதில் எள்ளளவும் பொய் கிடையாது.

போர்ட் பிளேயரில் மின்னி பே பக்கம் ஒரு சின்னப் படகுக் கம்பெனி. அங்கே ஃபைபர் படகு வார்ப்பவன் நாகராஜ். அச்சின் மேல் கண்ணாடி இழையை விரித்து, ரெசினைப் பூசி, இறுகும் முன் உருளையால் தேய்க்க வேண்டும். ரெசினைக் கலக்கிவிட்டால் பெற்ற தாய் வந்து கூப்பிட்டாலும் எழுந்திருக்க முடியாது. விமான நிலையத்தை ஒட்டிய பத்துபஸ்தியில் என் பின்கட்டு அறையில் தனியாக இருந்தான். மனைவி சித்ரா தென்கோடித் தீவில், கேம்பல் பேயில் தையல் கடை வைத்திருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து, கப்பல் வந்தால்தான் குடும்பம்.

மாலத்தீவு ஆர்டர் கிடைத்த அன்று மேனேஜர் கிருஷ்ணமூர்த்தி எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். "இனிமே பெயின்ட் அடிக்க, சீட் தைக்க எல்லாம் நம்ம ஊர் ஆளுங்கதான். உன் பீவியையும் வரச்சொல்லுப்பா" என்றார். நாகராஜ் உடனே மனைவிக்குப் போன் போட்டான்.

சித்ரா தயங்கவில்லை. கேம்பல் பேக்காரிக்குப் போர்ட் பிளேயரைவிடச் சுமத்ரா பக்கம். வெளிநாடு என்றால் அடுத்த தெரு மாதிரி. படகை இங்கேயே முடித்து, இங்கேயே ஏற்றி, நேரே மாலத்தீவில் இறக்குவார்கள் என்று நினைத்தாள். கடையை வேறொருத்திக்கு விட்டு, மிஷினையும் விற்றுவிட்டுக் கப்பலேறினாள்.

முதல் படகு முடிந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. படகு சென்னைக்குப் போய்த்தான் வெளிநாட்டுக்குப் போக வேண்டுமாம். எப்படியும் அங்கே இறங்குகிறதே என்று பெயின்ட், சீட், எஞ்சின் எல்லா வேலையையும் கம்பெனி மெயின்லேண்டிலேயே வைத்துக்கொண்டது. இங்கே வெறும் கூடு மட்டும். அதை வார்க்கப் பழைய ஆட்களேதான், வேலை மட்டும் இரண்டு மடங்கு.

பின்கட்டில் சண்டை ஆரம்பித்தது. தலைக்கு மேல் விமானம் இறங்கும்போது மட்டும் நிற்கும். போனதும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

"மேனேஜர்கிட்ட இன்னொரு தடவ கேளுங்களேன்."

"கேட்டாச்சு. அகலா ஆர்டர்ல பாக்கலாம், அடுத்ததுல பாக்கலாம்ங்கிறாரு."

"அகலா, அகலா! திரும்பிப் போனா உக்கார எனக்கு மிஷின் இருக்கா, கடை இருக்கா?"

"நான் மட்டும் விட்டுட்டு வர முடியுமா? இந்த வேலைக்கு இங்க வேற கம்பெனி ஏது?"

"அப்ப ரெண்டு பேரும் இந்த ரூமுக்குள்ளயே கிடப்போம். பஸ், அவ்வளவுதான்."

சித்ரா அபர்தீன் பஜாரில் தையல் கடை தையல் கடையாக ஏறி இறங்கினாள். சொந்த மிஷின் இருந்தால் வா என்றார்கள்.

இதையெல்லாம் எழுதி, 'வெளிநாட்டு ஆர்டரால் இந்தத் தீவில் ஒருத்தருக்கும் புது வேலை கிடைக்கவில்லை' என்று முடித்தேன். நாகராஜின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்த சித்ராவிடம் படித்தும் காட்டினேன்.

"தப்பு பாட்டி, ஒண்ணு கிடைச்சிருக்கு" என்றாள் அவள். "சென்னை ஷெட்டுக்கு சூப்பர்வைசர். இவரைத்தான் போகச் சொல்றாங்க, வர்ற கப்பல்லயே. போகலைன்னா இங்கயும் வேலை இல்லையாம். அங்க குடும்பம் தங்க இடம் கிடையாதாம். நான் இங்கதான் இருக்கணும்."