உத்தமன் கொடுக்க நினைத்த சிறுநீரகம்

லேக் கார்டன்ஸ் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கெல்லாம் உத்தமனைத் தெரியும். துறைமுகக் கணக்குப் பிரிவில் வேலை. பிள்ளை குட்டி இல்லை, கெட்ட பழக்கம் இல்லை, வம்பு தும்புக்குப் போகாத மனுஷர். அவருக்கு ஒரே ஒரு குறை: மதினி மகேஸ்வரியைக் கண்டால் வயிறு எரியும்.

மகேஸ்வரி அவர் மனைவி தமயந்தியின் அக்கா, ஜாதவ்பூரில் வீடு. அக்காவும் தங்கையும் இந்தப் பெங்காலி ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். உத்தமனோ வேலை கிடைத்துத் திருநெல்வேலியிலிருந்து வந்து சேர்ந்தவர். தமயந்தி அவளை அக்கா என்று கூப்பிட்டிருந்தால்கூட மனுஷர் பொறுத்துக்கொண்டிருப்பார். ஆனால் பெங்காலிக்காரர்கள் மாதிரி 'திதி' என்பாள். திதி வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் இருவரும் பெங்காலிக்குத் தாவிவிடுவார்கள். சிரிப்பார்கள், குசுகுசுப்பார்கள், சில நாள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். தன்னிடம் ஒரு நாளும் இப்படிப் பேசியதில்லையே என்று உத்தமனுக்குப் பற்றிக்கொண்டு வரும். டிவி சத்தத்தைக் கூட்டுவார். அப்படியும் ஆற்றாமை அடங்காவிட்டால் பையை எடுத்துக்கொண்டு மீன் கடைக்குப் போய்விடுவார்.

பெங்காலியைக் கற்றுக்கொண்டிருக்கலாமே என்று கேட்கலாம். வந்து இருபது வருஷம், தாராளமாகப் போதும்தான். ரோஷம் விட்டால்தானே? மீன் வாங்கவும் பஸ்ஸில் சண்டை போடவும் வேண்டியதை மட்டும் தெரிந்துகொண்டு அதோடு நிறுத்திவிட்டார். "அவளுக பாஷை எனக்கு எதுக்குவே?" என்பார் ஆபீஸ் சிநேகிதர் சந்தானத்திடம்.

தொண்ணூற்றெட்டில் தமயந்திக்கு மூட்டெல்லாம் வலித்தது, கன்னத்தில் சிவப்பாகத் தடித்தது. லூபஸ் என்றார்கள். கிருமியோடு சண்டை போட வேண்டிய வெள்ளை அணுக்கள் ஆள் தெரியாமல் சொந்த உடம்பையே எதிரியாக நினைத்து, அதன்மேலேயே ஆன்டிபாடிகளை ஏவிவிடும் நோய். மறு வருஷம் இரண்டு சிறுநீரகமும் போயின. டயாலிசிஸில் காலம் ஓடியது. யாராவது ஒரு சிறுநீரகம் கொடுத்தால்தான் இனி விமோசனம்.

உத்தமன் ஒரு நொடி யோசிக்கவில்லை. அவளில்லாமல் அவருக்கு வாழத் தெரியாது, அது நிஜம். அதற்கடியில் இன்னொன்றும் இருந்தது. இனிமேல் அவளுக்குள்ளேயே நான் இருப்பேன், மதினி எந்தப் பாஷையில் வேண்டுமானாலும் பேசிக்கொள்ளட்டும் என்ற குரூரமான சந்தோஷம்.

மகேஸ்வரியும் முன்வந்தாள். "ரெண்டு பேருக்கும் டெஸ்ட் எடுத்துடலாம் தம்பி."

"நீங்க எதுக்கு மதினி சிரமப்படுதிய? நான் இருக்கேம்லா."

ஆனாலும் இருவரிடமும் ரத்தம் எடுத்தார்கள். கொடுப்பவரின் ரத்தத்திலிருந்து லிம்போசைட் என்கிற வெள்ளை அணுக்களைப் பிரித்து, நோயாளியின் சீரம் என்கிற ரத்தத் தெளிநீரோடு கலந்து பார்ப்பார்கள். அணுக்கள் செத்தால், வைக்கப்போகும் சிறுநீரகத்துக்கும் அதே கதிதான். மகேஸ்வரியின் அணுக்கள் சௌக்கியமாக இருந்தன. உத்தமனுடையவை கூண்டோடு செத்தன.

"ரத்த குரூப் ஒன்றுதானே? நான் மட்டும் எப்படி ஆகாமல் போனேன்?" என்று ஆங்கிலத்தில் டாக்டர் அம்மாளிடம் ஏறக்குறையச் சண்டைக்கே போனார். சகோதரிகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவளுடைய ரத்தத்துக்குக்கூட அக்காதான் உசத்தி என்று உள்ளுக்குள் பொருமினார்.

டாக்டர் நிதானமாகச் சொன்னார். லூபஸ் செய்கிற வேலை இல்லை இது. தமயந்தியின் ரத்தம் அவளுடைய அணுக்களைக் கொல்லவில்லை, அக்காவுடையதையும் தொடவில்லை. உத்தமனுடைய அணுக்களைத்தான் கொல்கிறது. அப்படியென்றால் அது முன்பே அவரைச் சந்தித்திருக்க வேண்டும். அவளுக்கு யாருடைய ரத்தத்தையும் ஏற்றியதில்லை. ஆகவே கர்ப்பம்தான் காரணம். குழந்தையில் பாதி அப்பாதானே? அந்தப் பாதியை அடையாளம் கண்டு தாயின் ரத்தம் ஆன்டிபாடி உண்டாக்கும், பல வருஷம் மறக்காமலும் இருக்கும். "எத்தனை குழந்தைகள்?"

"ஒன்றும் இல்லை. அவள் கர்ப்பமானதே இல்லை," என்றார் உத்தமன்.

தமயந்தி திதியைப் பார்த்தாள். அந்தப் பார்வையை உத்தமனும் பார்த்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் தமயந்தியே ஆரம்பித்தாள். "நீங்க விசாகப்பட்டினம் டிரெயினிங் போயிருந்தப்போதான். நீங்க கிளம்புனப்புறம்தான் தெரிஞ்சுது. பூஜை லீவுல வருவீங்க, நேர்ல சொல்லலாம்னு வச்சிருந்தேன். நாலாம் மாசம் போயிடுச்சு. உங்க முகத்தப் பாத்துச் சொல்லத் தெம்பில்ல."

"மதினிக்குத் தெரியும், என்ன?"

"திதிதானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா."

"இத்தன வருசமா ரெண்டு பேருமா சேந்து எங்கிட்ட மறைச்சிருக்கிய!"

"சொல்லல, அது என் தப்புதான். ஆனா உங்க முன்னாலதான் பேசுனோம். ஒவ்வொரு பூஜைக்கும் பேசுனோம். நீங்கதான் டிவி சத்தத்தக் கூட்டுவீங்க."

உத்தமனுக்குக் கோபப்படக்கூட ஆள் கிடைக்கவில்லை, தன்னைத் தவிர.

ஆபரேஷனுக்கு அட்மிட் ஆவதற்கு முந்தின சாயங்காலம் மகேஸ்வரி வந்தாள். சிறுநீரகம் அவளுடையதுதான் என்று முடிவாகியிருந்தது. வழக்கம்போலச் சகோதரிகள் கட்டிலில் உட்கார்ந்து பெங்காலியில் ஆரம்பித்தார்கள். உத்தமன் எழுந்து போய் டிவியை அணைத்தார். பேச்சு நின்றது.

நாற்காலியை இழுத்துக் கட்டிலருகே போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஆபீசில் யாருக்காவது குழந்தை பிறந்தால் எல்லோரும் பெங்காலியில் கேட்கிற கேள்வி ஒன்று அவர் காதில் விழுந்திருந்தது. ஆணா, பெண்ணா என்பது. அதைத் தட்டுத் தடுமாறி மதினியிடம் கேட்டார்.

"செலே... நா மேயே?"

மகேஸ்வரி தங்கையைப் பார்த்தாள். அவள் தலையசைத்தாள்.

"மேயே," என்றாள் மகேஸ்வரி. "பொண்ணு, தம்பி."

அந்தக் குழந்தையைப் பார்த்தவள் மகேஸ்வரி ஒருத்திதான். அதை நினைத்து உத்தமனுக்கு அப்போதும் வயிறு எரிந்தது.

"மெதுவாப் பேசுங்க மதினி," என்றார். "எனக்கும் புரியணும்."