கண் திறக்காத கட்டவுட்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு தேர்தல். ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக்கு எதிர்ப்புறம், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில், ஒரு வேட்பாளர் இரண்டு மாடி உயரத்துக்கு நின்றார். வெள்ளை வேட்டி, கும்பிட்ட கை, நல்ல மீசை. கண் மட்டும் இல்லை. கட்டவுட் வரைகிறவர்கள் கண்ணைக் கடைசியில்தான் வைப்பார்கள். கோயிலில் சாமிக்குக் கண் திறக்கிற மாதிரிதான் இதுவும். நகராட்சியில் அனுமதிக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். அது கைக்கு வந்ததும் கண் திறப்பதாக இருந்தது. அதற்குள் கூட்டணிப் பேச்சில் தொகுதி வேறு கட்சிக்குப் போய்விட்டது. ஓவியர் இறங்கிப் போனார். கட்சிக்காரர்கள் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை. முன்னால் கட்டிய சாரத்தைக்கூட யாரும் அவிழ்க்கவில்லை.

முகம் சரியாக எங்கள் மாடி அறை ஜன்னலுக்கு நேரே இருந்தது. கண் இருக்க வேண்டிய இடத்தில் சுளகு அளவுக்கு இரண்டு வெள்ளை. அந்த அறையில்தான் அக்கா இருந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழ்க்கைப்பட்டவள், பிரசவத்துக்கு வந்திருந்தாள்.

அதற்கு முந்தின வருஷம்தான் அப்பா இறந்தார். மில்லில் நடந்த முகாமில் கண்தானத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தவர். “செத்த பொறவு எனக்கு எதுக்கு? எவனாவது பாத்துட்டுப் போட்டுமே” என்பார். அவர் சொன்னபடியே செய்தோம். அக்கா பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது அப்பாவின் கண்களில் பஞ்சு வைத்திருந்தது. அவள் அழவே இல்லை. பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணைக் கொடுத்தவர்கள் மறுபிறவியில் கண் இல்லாமல் பிறப்பார்கள் என்று துக்கத்துக்கு வந்த ஒருத்தி சொல்லிவிட்டுப் போனாள். வந்தோமா, அழுதோமா, போனோமா என்று இல்லாமல்! அவளை இன்றைக்கும் நான் மன்னிக்கவில்லை. அக்கா உண்டானதும், அப்பாதான் திரும்பி வருகிறார் என்று அம்மா வாய்க்கு வாய் சொன்னாள். இரண்டும் சேர்ந்து அக்காவின் மனதில் ஊறிக்கிடந்தன.

இப்போது ஜன்னலுக்கு வெளியே இவர்.

பகலில் பரவாயில்லை. பொழுது சாய்ந்து தெருவிளக்கு எரிந்ததும், உடம்பு இருட்டில் போய் இரண்டு வெள்ளை மட்டும் நிற்கும். மலைக்காற்று வந்தால் பலகை முனகும். தலை எங்கள் பக்கம் கொஞ்சம் வரும், பின்னால் போகும். ஜன்னலைச் சாத்தினோம். சாத்தி என்ன, அது அங்கே நிற்பது தெரிந்துதானே இருக்கிறது. அந்தப் புழுக்கத்தில் அக்கா வேர்த்துக் கொட்டியபடி உட்கார்ந்திருப்பாள். கீழே வந்து படு என்றாலும் கேட்கமாட்டாள்.

“அப்பாதான்ட்டி நிக்காவ. கண்ணக் கேக்காவ. எம் பிள்ளைகிட்ட இருந்து எடுத்துட்டுப் போயிருவாவளோன்னு இருக்கு” என்றாள் ஒரு நாள்.

“அது வெறும் பலகை!” என்று கத்தினேன். கத்திவிட்டு நானும் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

நகராட்சிக்குப் போனேன். அதிகாரி தன்மையாகத்தான் பேசினார். “அனுமதி இல்லாத தேர்தல் விளம்பரம்னா ஒடனே எடுத்திரலாம். ஆனா கண்ணு இல்லாம அது யாருன்னு நான் எப்படி எழுத? யாருக்கு நோட்டீஸ் குடுக்க? விதிப்படி அது விளம்பரமே இல்லியேம்மா.”

“கண்ணு இருந்தா?”

“இருந்தா மறுநாளே ஆளோட வாரேன்.”

ஓவியரைத் தேடிப் பிடித்தேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். “கண்ணத் தொறந்து மறுநாளே இறக்கணுமா? உசுரக் குடுத்துட்டு எடுக்குற மாதிரில்லா அது. எங்கையால மாட்டேம்மா.”

சரி, என் கை இருக்கிறதே என்று வீம்பு வந்துவிட்டது. அடுத்த நாள் மத்தியானம், தெரு உண்டு அடங்கிக் கிடந்த நேரத்தில், அடுப்புக்கரியை அம்மியில் அரைத்து விளக்கெண்ணெய் விட்டுக் குழைத்தேன். தாவணியை இறுக்கிச் செருகிக்கொண்டு, வெள்ளையடிக்கிற மட்டையோடு சாரத்தில் ஏறினேன்.

கிட்டத்தில் போனால் அங்கே முகமே இல்லை. சுற்றிலும் சாயம்தான். கருமணியை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். அப்போது எதிரே ஜன்னல் திறந்தது. அக்கா அங்கிருந்து சொல்லச் சொல்ல வைத்தேன். “இன்னும் மேல. செத்த உள்ள தள்ளி. அம்புட்டுதான்.” இடது கண்ணில் கை வழுக்கி இமை தாழ்ந்துவிட்டது. துடைக்கப் போனேன். “வேண்டாம், விடு” என்றாள். குரல் ஒரு மாதிரியாக இருந்தது.

இறங்கி வந்து அண்ணாந்து பார்த்தேன். அப்பா நின்றுகொண்டிருந்தார்.

மீசை அவருடையது இல்லை, கன்னம் அவருடையது இல்லை. ஆனால் இடது இமை தாழ்ந்த அந்தப் பார்வை, வேலை முடிந்து வந்து “சாப்ட்டியளா” என்று கேட்கிற பார்வை, அவருடையதுதான். சாரத்தில் ஏறியதற்குத் திட்டுவதற்காக வெளியே வந்த அம்மா, அண்ணாந்து பார்த்தபடி வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள். அப்பாவை நினைத்துத்தான் சொன்னாயா என்று அக்காவிடம் கேட்டேன். “இல்லட்டி, போஸ்டர்ல பாத்த அந்த ஆளத்தான் நெனச்சுச் சொன்னேன்” என்றாள். இன்றுவரை அதையேதான் சொல்கிறாள்.

சேதி சொல்லி அனுப்பியதும், அதிகாரி சொன்ன சொல் தவறாமல் ஆட்களோடு வந்தார். பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

“இது அவரு இல்லியேம்மா. யாரு இது?”

நான் வாயைத் திறப்பதற்குள் மாடியிலிருந்து அக்கா சொன்னாள்: “எங்க அப்பா.”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “அப்போ இது தேர்தல் விளம்பரம் இல்ல, ஒங்க வீட்டுக் காரியம். நீங்கதாம்மா எடுக்கணும்” என்று சொல்லிவிட்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

எங்களால் முடியவில்லை. யார் போய் அவரை இறக்குவது? அன்று முதல் அக்கா ஜன்னலைத் திறந்து வைத்தே தூங்கினாள். எனக்குத்தான் தூக்கம் போயிற்று. குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தால் அவர் பார்த்துக்கொண்டிருப்பார்.

பெண் குழந்தை பிறந்தது. ஆணா, பெண்ணா என்று அக்கா கேட்கவில்லை. “கண்ணத் தொறந்துச்சா?” என்றுதான் கேட்டாள். “ஒங்களத்தான் பாத்துட்டுக் கெடக்கு” என்றாள் நர்ஸ்.

வீட்டுக்கு வந்த அன்று குழந்தையை ஜன்னலில் தூக்கிக் காட்டினாள். நெடுநேரம் காட்டினாள். பிறகு, “இறக்கச் சொல்லுட்டி” என்றாள்.

தெரு ஆண்கள் சாரத்தை அவிழ்த்துக் கயிறு கட்டி இறக்கினார்கள். தரையில் கிடத்தும்போது, “குப்புறப் போட்டுராதிய!” என்று அம்மா அலறினாள். மல்லாக்கவே வைத்தார்கள். நான்கு பேர் நான்கு மூலையில் பிடித்துத் தூக்க, அப்பா இரண்டாவது தடவையாக எங்கள் வாசலைத் தாண்டிப் போனார். இந்தத் தடவை கண்ணில் பஞ்சு இல்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு படியில் நின்றிருந்த அக்கா, அப்போதுதான் அப்பாவுக்காக வாய்விட்டு அழுதாள்.